பஞ்சரும் பன்ஷரும்: ஒரு ஓட்டையின் வரலாறு

இன்னைக்குப் பதிவு ஒரு ஓட்டையைப் பத்தி. மோட்டார் சைக்கிள் டயர்ல ஆணி போடுற ஓட்டை. சிரிக்காதீங்க, உள்ளே இறங்கினா நிறைய மேட்டர் இருக்கு.

குவைத்ல டயர் ஒட்டுற கடைக்கு 'பன்ஷர்'னு பேரு. போர்டுல அரபியில அப்படித்தான் எழுதியிருக்கும். முதல்ல ஏதோ சுத்தமான அரபிச் சொல்லுன்னுதான் தோணும். ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, விஷயம் புரிஞ்சிடும். நம்ம பஞ்சரேதான்! அரபிக்கு 'ப' சத்தத்துல வல்லொலி கிடையாது, மெல்லொலிதான். 'ச்' இருக்கிற இடத்துல 'ஷ்' போட்டுக்கிட்டாங்க. அதோட விட்டாங்களா? அந்த ப-ன்-ஷ்-ர் நாலு எழுத்தையும் வேர்ச்சொல்லாக்கி வினையே உண்டாக்கிட்டாங்க. "பன்ஷரத்"னா வண்டி பஞ்சராயிடுச்சுன்னு அர்த்தம். பாரசீகத்துல பஞ்சர் கடைக்கு 'பஞ்சர்கீரி'. ஹீப்ருவில 'பஞ்செர்'னா டயர் பஞ்சர் மட்டுமில்ல, போட்ட திட்டம் சொதப்பினாலும் பஞ்செர்தான். நாமளும் சளைச்சவங்க இல்ல. ராத்திரி முழுக்க பஸ்ஸுல உக்காந்து வந்தா 'ஆளு பஞ்சராயிட்டேன்'னுதானே சொல்றோம்? லத்தீன்ல 'குத்துதல்'ங்கிற சொல்லுல இருந்து வந்தது இது. முழங்கால் வலிக்கு ஊசி குத்திக்கிற அக்குபஞ்சரும் இதோட ஒண்ணுவிட்ட தம்பிதான்.

ஒரு இங்கிலீஷ் சொல் இத்தனை மொழிக்குள்ள வேர் விட்டிருக்குன்னா, அது சுட்டுற சங்கடம் எல்லா ஊர்லயும் ஒண்ணா இருக்குன்னு அர்த்தம். டயர் வரலாறுன்னு புத்தகத்துல படிச்சா கண்டுபிடிச்சவங்க பேரா வரும். எனக்கு என்னமோ அந்த வரலாற்றை ஓட்டிக்கிட்டு வந்ததே பஞ்சர்தான்னு தோணுது. எந்த டயரை ரோட்டுல வச்சே சரி பண்ண முடிஞ்சதோ அது பிழைச்சது, மத்தது போயிடுச்சு. அதைவிட முக்கியமா இன்னொரு கேள்வி இருக்கு. ஆணி குத்தினா அந்த நஷ்டம் யார் தலையில? இதைத்தான் கொஞ்சம் விவரமா எழுதலாம்னு.

நான் இருக்கிறது மங்காஃப். குவைத் சிட்டியில இருந்து தெற்கே, ஃபஹாஹீலுக்குப் பக்கத்துல, கடலோரமா இருக்கிற ஏரியா. அப்பா வேலை இங்கே, நான் முதுகலை வேதியியல். ரப்பரும் பாலிமரும் பாடத்துல வர்றதால இந்தப் பைத்தியம். மங்காஃப்னு சொன்னா நம்ம ஊர்ல இப்போ எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 2024 ஜூன் 12 விடிகாலை தீ விபத்துதான். தொழிலாளிங்க தங்கியிருந்த கட்டடம். இறந்தவங்கள்ல 45 பேர் இந்தியர்கள், அதுல ஏழு பேர் தமிழர்கள். இந்தப் பதிவு அதைப் பத்தி இல்ல. ஆனா ஊர் பேரைச் சொல்லிட்டு அதைச் சொல்லாம தாண்டிப் போக மனசு வரல.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம். 1845-க்குப் போறோம்.

ராபர்ட் வில்லியம் தாம்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அப்போ அவருக்கு 23 வயசு (நம்ம செட்டுதான்!). காத்து அடைச்ச சக்கரத்துக்கு அந்த வருஷம் டிசம்பர்ல காப்புரிமை வாங்கினார். உள்ளே ரப்பர் பூசின துணிக்குழாய், வெளியே தோல் உறை. 1847-ல லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்ல குதிரை வண்டியில மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லாம வண்டி வழுக்கிக்கிட்டுப் போச்சாம். ஒரு செட் 1200 மைல் ஓடியிருக்கு. இருந்தும் யாரும் வாங்கல. ரப்பர் விலை அதிகம், அதுக்கேத்த லேசான வண்டி அப்போ கிடையாது. போதாக்குறைக்கு, தோலை போல்ட் போட்டு முடுக்கின அந்தச் சக்கரத்துல ஓட்டை விழுந்தா யார் உட்கார்ந்து கழட்டுறது? கடைசியில தாம்சனே காத்தை விட்டுட்டு, கெட்டி ரப்பர் சக்கரம் போட்ட நீராவி வண்டி செய்யப் போயிட்டார். அந்த வண்டிகள் 1870-களில் பஞ்சாப் பக்கம் வந்து ஓடியிருக்கு. கெட்டி ரப்பர்ல ஆணி குத்தினா குத்தட்டும், கவலையே இல்ல பாருங்க.

அடுத்தது நமக்கெல்லாம் தெரிஞ்ச டன்லப். பெல்ஃபாஸ்ட் ஊர்ல மாட்டு டாக்டர். மகனோட மூணு சக்கர சைக்கிள் கல்லு ரோட்டுல தடதடன்னு ஆடுறதைப் பார்த்து 1887-ல ரப்பர் குழாயில காத்தடிச்சுச் சுத்திவிட்டார். 1888-ல காப்புரிமை. ஆனா தாம்சன் 43 வருஷம் முன்னாடியே இதை எழுதி வச்சுட்டார்னு தெரிஞ்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள அந்தக் காப்புரிமை செல்லாமப் போச்சு. டன்லப் டயர் ஓட்டத்துல சூரன். 1889-ல பெல்ஃபாஸ்ட்ல சைக்கிள் ரேஸ்ல அதை மாட்டினவர் மத்தவங்களை ஊதித் தள்ளினார். பஞ்சர்னு வந்தா மட்டும் படுத்துடும். ஏன்னா டயரைத் துணி சுத்தி ரிம்மோட ஒட்டியே வச்சிருந்தாங்க. ஓட்டையை அடைக்கணும்னா எல்லாத்தையும் உரிச்சு, ஒட்டி, மறுபடி சுத்தணும்.

இங்கேதான் எனக்குப் பிடிச்ச கட்டம். 1889-ல பிரான்ஸ்ல கிளர்மோன் ஃபெரான் ஊர்ல, ரப்பர் சாமான் செஞ்சுக்கிட்டிருந்த மிஷெலின் தொழிற்சாலைக்கு ஒரு சைக்கிள்காரர் பஞ்சரான டன்லப் டயரோட வந்து நிக்கிறார். சரி பண்ண மூணு மணி நேரம். அப்புறம் பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் எதுவார் மிஷெலின் தானே ஏறி ஓட்டிப் பார்க்கிறார். கொஞ்ச தூரத்துலயே மறுபடி காத்து இறங்கிடுச்சு! வேற ஆளா இருந்தா, இந்தக் காத்து டயரே வேண்டாம்டா சாமின்னு போயிருப்பாங்க. இவரோ காத்து டயர் அருமை, ஒட்டி வைக்கிறதுதான் தப்புன்னு முடிவுக்கு வந்தார். 1891-ல கழட்டி மாட்டுற டயருக்குக் காப்புரிமை வாங்கினாங்க. கால் மணி நேரத்துல டியூபை வெளியே எடுத்துடலாம். அதே வருஷம் செப்டம்பர்ல பாரிஸ்ல இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பி வர்ற 1200 கிலோமீட்டர் போட்டி. ஷார்ல் தெரோன் மிஷெலின் டயர்ல ஓட்டினார். வழியில பஞ்சராச்சு, சரி பண்ணினாங்க, ஓடினார். மூணு நாளுக்குள்ள வந்து ஜெயிச்சார். டன்லப்ல வந்தவர் ரெண்டாவது, அதுவும் பல மணி நேரம் பின்னாடி.

1892-ல மிஷெலின் பண்ணின வேலை இன்னும் ஜோர். பாரிஸ்ல இருந்து தன் ஊருக்கு ஒரு போட்டி வச்சு, வழியில தானே ஆணியைத் தூவிவிட்டார். பஞ்சரானாலும் பயமில்ல, சட்டுனு சரி பண்ணிடலாம்னு காட்டத்தான். நம்ம பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்ல பஞ்சர் கடைக்கு ஆள் பிடிக்க ஆணி தூவுறாங்கன்னு 2010-களில் பேச்சு அடிபட்டதே, ஒரு இன்ஜினியர் வேலைக்குப் போற வழியெல்லாம் குனிஞ்சு கிலோக்கணக்கா ஆணி பொறுக்கினாரே, அந்தக் கலைக்கு முன்னோடி இவர்தான் போல :)

இந்த இடத்துல நம்ம ஆளுங்க கதைக்குள்ள வர்றாங்க, ஆனா டயர்ல இருந்து ரொம்ப தூரத்துல. சைக்கிளும் மோட்டாரும் காத்து டயர் மாட்ட ஆரம்பிச்சதும் உலகம் ரப்பருக்கு அலைஞ்சுது. அப்போ ரப்பர்னா அமேசான் காடும் காங்கோ காடும்தான். காங்கோவில பெல்ஜியம் ராஜா லியோபோல்டு ஆளுங்க ரப்பருக்காக நடத்தின கொடுமையை 1904-ல ரோஜர் கேஸ்மென்ட் அறிக்கையா எழுதினார். இன்னொரு பக்கம், 1876-ல ஹென்றி விக்காம் பிரேசில்ல இருந்து கிளப்பிக் கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சு, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயிருந்தது. மரத்தைக் கொல்லாம பட்டையை மட்டும் சாய்வா சீவிப் பால் எடுக்கிற முறையை சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துல ரிட்லிங்கிறவர் ஒழுங்குபண்ணினார். தோட்டக்காரங்களை ரப்பர் போடு ரப்பர் போடுன்னு அவர் நச்சரிச்சதால 'பைத்தியக்கார ரிட்லி'ன்னு பட்டம். அப்புறம் கார் வந்தது, மலாயா முழுக்கப் பால்மரக் காடு ஆச்சு. அந்தக் காட்டுல விடியுமுன்னே கத்தியும் வாளியுமா நின்னது யாரு? கங்காணி கூட்டிக்கிட்டுப் போன தமிழர்கள். மாட்டு டாக்டர் பையன் தடதடன்னு ஆடாம ஓட்டணும்னு ஆரம்பிச்சது, இருபது வருஷத்துல தஞ்சாவூர்க்காரனையும் சேலத்துக்காரனையும் கப்பல் ஏத்திவிட்டுது. இதை எழுதத் தனிப்பதிவே போதாது. மறுபடி ஓட்டைக்கே வர்றேன்.

மோட்டார் சைக்கிள் வந்ததும் பஞ்சர் பிரச்சனை இன்னொரு படி மேலே போச்சு. சைக்கிளைத் தலைகீழாக் கவுத்தலாம். மோட்டார் சைக்கிளைக் கவுத்த முடியுமா? பின்சக்கரம்னா செயின், பிரேக் ராடு, அச்சு எல்லாம் கழட்டணும். அந்தக் காலத்து ஆளுங்க இதுக்கு ஒரு வினோதமான வழி வச்சிருந்தாங்க: வளையமா இல்லாத டியூப். ரெண்டு முனையும் மூடின நீளமான பை மாதிரி இருக்கும். சக்கரத்தைக் கழட்டாமலே டயரை ஒரு ஓரமா நெம்பி, பழசை உருவிட்டுப் புதுசைச் சொருகி, ரெண்டு முனையும் முட்டுற மாதிரி வச்சுக் காத்தடிப்பாங்க. முட்டுற இடத்துல ஓடும்போது 'டொக்கு டொக்கு'ன்னு தட்டாதான்னு நீங்க கேக்கறது கேக்குது. ராத்திரி மழையில நடுரோட்டுல நிக்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சனையா?

கார்க்காரங்களுக்கு வேற வழி கிடைச்சுது. 1904-ல வேல்ஸ்ல லானெல்லிங்கிற ஊர்ல டேவிஸ்னு ஒரு குடும்பம் மாற்றுச் சக்கரம் செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. கடை இருந்த தெரு பேரு ஸ்டெப்னி தெரு. ஆமாம், அதே ஸ்டெப்னிதான்! இங்கிலாந்துக்காரனே மறந்துபோன தெருப் பேரை நம்ம ஊர் டாக்ஸி டிரைவர் இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்கார். (அந்தச் சொல்லுக்கு நம்மாளுங்க வச்ச இன்னொரு அர்த்தம் எனக்குத் தெரியும், நான் சின்னப் பையன், விட்டுடுங்க.)

இருசக்கரத்துக்கு ஸ்டெப்னி எப்போ வந்தது? வெஸ்பாவை 1946-ல வடிவமைச்ச கொராதினோ தாஸ்கானியோ அடிப்படையில விமான, ஹெலிகாப்டர் இன்ஜினியர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. அழுக்கு, சங்கடமான சவாரி, டயர் மாத்துறது நரக வேதனை. அதனால விமானச் சக்கரம் மாதிரி ஒரே பக்கம் மட்டும் பிடிச்சிருக்கிற அச்சு வச்சார். நட்டைக் கழட்டினா சக்கரம் கையோட வந்துடும். பின்னாடி அதுலயே மாற்றுச் சக்கரமும் ஏறி உக்காந்துச்சு. நம்ம ஊர்ல பஜாஜ் சேத்தக் வாங்க வருஷக்கணக்கா காத்திருந்தாங்களே, 'பைக் பசங்களுக்கு, ஸ்கூட்டர் குடும்பஸ்தனுக்கு'ன்னு ஒரு நினைப்பு இருந்துச்சே, அதுல இந்த ஸ்டெப்னிக்குப் பெரிய பங்கு உண்டுங்கிறது என் கட்சி. பொண்டாட்டி பிள்ளையோட திருச்சி ரோட்டுல ராத்திரி நிக்கிறவருக்கு ஸ்டெப்னின்னா மானம், பைக்னா தள்ளுவண்டி.

பைக்ல ஸ்டெப்னி இல்லாததாலதான் நம்ம ஊர்ல பஞ்சர் கடைன்னு ஒரு சமூக நிறுவனமே உண்டாச்சு. இதுல திருவொற்றியூருக்குத் தனி இடம் கொடுக்கணும். 1946-ல மாம்மன் மாப்பிள்ளைங்கிற மலையாளி அங்கே ஒரு கொட்டகையில பலூன் செய்ய ஆரம்பிச்சார். 1952-ல தேஞ்ச டயர் மேல புதுசா ஒட்டுற டிரெட் ரப்பர். 1961-ல டயர் தொழிற்சாலை. அதுதான் எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூர்ல 1955-ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, புல்லட் வெளியே வந்தது. வண்டியும் டயரும் ஒரே ஊர்! மதுரைப் பக்கம் 1982-ல டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் கம்பெனி வந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 கிளம்பியாச்சு. பால்காரர், வாத்தியார், வட்டிக்காரர்னு எல்லாரும் மோட்டார் ஏறினாங்க. மரத்தடிக்கு ஒரு பழைய டயர் தொங்க ஆரம்பிச்சது.

அந்த மரத்தடியில பெரும்பாலும் உக்காந்திருந்தது மலையாளி. நெடுஞ்சாலையில லாரி டயர் ஒட்டுற கடைன்னா கேட்கவே வேண்டாம். சந்திரன்ல கூட நாயர் டீக்கடை இருக்கும்னு ஜோக் இருக்கே, பக்கத்துலயே பஞ்சர் கடையும் இருக்கும்னு சேர்த்துக்கலாம். இந்தியாவோட இயற்கை ரப்பர்ல பெரும்பங்கு கேரளா. ரப்பர் வாரியம் இருக்கிறதே கோட்டயத்துல. டயர் ரீட்ரெடிங் அங்கே வேரூன்றின தொழில். கையில தொழில் இருக்கு, ஊர்ல வேலை இல்லை. ஒருத்தர் வந்து சேலம் பைபாஸ்ல கம்ப்ரஸர் வச்சா, அடுத்த வருஷம் மச்சினன் தர்மபுரியில, அதுக்கடுத்து மச்சினனோட தம்பி ஆம்பூர்ல.

வட இந்தியாவுல இதே தொழில் பெருமளவு முஸ்லிம்கள் கையில. அங்கே 'பஞ்சர்வாலா'ங்கிறது இணையத்துல ஒரு வசவாவே ஆயிடுச்சு. 2025 ஏப்ரல்ல ஹரியானா ஹிசார் கூட்டத்துல பிரதமர் மோடியும், வக்ஃப் சொத்தை ஒழுங்காப் பயன்படுத்தியிருந்தா முஸ்லிம் இளைஞர்கள் சைக்கிள் பஞ்சர் ஒட்டிப் பிழைக்க வேண்டியிருந்திருக்காதுன்னு பேசினார். பெரிய சர்ச்சை ஆச்சு. வக்ஃப் விவகாரத்துக்குள்ள நான் போகல. ஆனா பஞ்சர் ஒட்டுறதை ஏதோ கடைசிப் படின்னு சொல்ற அந்த நினைப்பு எனக்கு ஒத்துக்கல. அந்த வேலையைப் பக்கத்துல நின்னு பார்த்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. நான் பார்த்ததைச் சொல்றேன்.

இங்கே ஒரு பன்ஷர்ல இருக்கிற சேட்டன், குவைத் வர்றதுக்கு முன்னாடி கிருஷ்ணகிரி ஹைவேல எட்டு வருஷம் லாரி டயர் ஒட்டினவர். தமிழ் நம்மளை விட நல்லாப் பேசுவார். கடை லைசன்ஸ் குவைத்திக்காரர் பேர்ல, கை இவரோடது. டியூப் டயர் வந்தா அவர் வேலை செய்யறதைப் பார்க்கணும். வால்வு ஊசியைத் திருகி மிச்சக் காத்தை இறக்குவார். டயர் ஓரத்தை மிதிச்சு ரிம்மை விட்டு நகர்த்தி, ரெண்டு லிவர் போட்டு நெம்புவார். டியூபை உருவிக் காத்தடிச்சுத் தண்ணித் தொட்டியில கொஞ்சம் கொஞ்சமா முக்கிச் சுத்துவார். குமிழி வர்ற இடத்துல விரலை வச்சா அது ஓட்டை. அதோட நிறுத்த மாட்டார், முழுச் சுத்தும் பார்ப்பார், ஏன்னா ஒரு ஆணி ரெண்டு பக்கமும் துளைச்சிருக்கலாம். அப்புறம் டயருக்குள்ள கையை விட்டுத் தடவுவார். குத்தின ஆணி உள்ளேயே இருந்தா, ஒட்டின பத்தாவது நிமிஷம் மறுபடி காத்துப் போயிடும். வெறுங்கையால ஆணி தேடுறது எவ்வளவு கவனமான வேலைன்னு யோசிச்சுப் பாருங்க.

துடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சொல்யூஷன் தடவி... காத்திருப்பார். இந்தக் காத்திருக்கிறதுலதான் என் பாடப் புத்தகம் மொத்தமும் இருக்கு. அவசரக்காரங்க ஈரத்தோட பேட்ச்சை அமுக்குவாங்க. அந்த ஈரம் பசை இல்ல, கரைப்பான். அது ஆவியாகிப் போகணும். போனதும் மிஞ்சுற ரப்பர்ல இருக்கிற முடுக்கிப் பொருள், பேட்ச்சோட அடிப்பக்கத்துல இருக்கிற படலத்தோட வினை புரிஞ்சு, ரெண்டு ரப்பரையும் கந்தகப் பாலம் போட்டு ஒண்ணாக்குது. இது பேப்பரைப் பசை போட்டு ஒட்டுற மாதிரி இல்ல, தோல்ல காயம் ஆறுற மாதிரி. 1839-ல சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சூடாக்கிக் கண்டுபிடிச்ச அதே வல்கனைசிங், இங்கே சூடில்லாம நடக்குது. (அந்த குட்இயர் 1860-ல பெருங்கடனோட செத்தார். அவர் பேர் இருக்கிற கம்பெனிக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்ல.) லாரி டியூபுக்கு இரும்புப் பிடியில இறுக்கிச் சூடு வச்சு ஒட்டுவாங்க, அது குட்இயர் வழி. சேட்டனுக்குக் கந்தகப் பாலம் பத்தித் தெரியாது. ஆனா புறங்கையால தொட்டுப் பார்த்து 'ஆயி'ன்னு சொல்ற நேரம் ஒரு தடவையும் தப்பாது.

இப்போ பெரும்பாலும் டியூப்லெஸ். அதுக்கும் வரலாறு உண்டு. குட்ரிச் கம்பெனியில ஃபிராங்க் ஹெர்ஸெக் 1946-ல விண்ணப்பிச்ச காப்புரிமை 1952-ல கிடைச்சது. 1955 வாக்குல அமெரிக்காவில புதுக்காரெல்லாம் டியூப்லெஸ். பைக்குக்கு வர ரொம்ப நாள் ஆச்சு, காரணம் கம்பிச் சக்கரம். ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில ஒரு துளை, காத்து நிக்காது. வார்ப்பு அலாய் சக்கரம் பரவினப்புறம்தான் பைக்ல டியூப் மறைய ஆரம்பிச்சது. இதுல ஆணி குத்தினா டயர் ஆணியைக் கவ்விக்கும், காத்து பொசுபொசுன்னு மெதுவாத்தான் போகும். சக்கரத்தையே கழட்ட வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, முறுக்கு அரத்தால ஓட்டையைச் சுரண்டி, பிசுபிசுன்னு ஒரு ரப்பர் திரியை ஊசியில கோத்துக் குத்தி, வெளியே நீட்டுறதை வெட்டிவிட்டா ஆச்சு. பத்து நிமிஷம். யூடியூப் பார்த்தே கத்துக்கலாம். சேட்டன் இதை ஒரு வேலைன்னே மதிக்கிறதில்ல. "இது தையல் இல்லா தம்பி, முறிவுல பஞ்சு வைக்கிறது"ன்னார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. டயர் கம்பெனிகளும் திரியைத் தற்காலிகம்னுதான் சொல்றாங்க. உள்பக்கமா இருந்து குமிழ் மாதிரி பேட்ச் வைக்கிறதுதான் சரி. டயரோட பக்கச் சுவர்ல குத்தினா ரெண்டும் ஆகாது, டயரே போச்சு.

இந்த ஊர்ல பைக்னா பெரும்பாலும் டெலிவரி பைக். 2004-ல குவைத்ல ஆரம்பிச்ச தலபாத் இன்னைக்கு வளைகுடாவுல பல நாட்டுல ஓடுது. அதுக்கப்புறம் எத்தனையோ ஆப். கொரோனாவுக்கு அப்புறம் மங்காஃப், மஹ்பூலா தெருவெல்லாம் பின்னாடி பெட்டி கட்டின பைக்தான். 2021 அக்டோபர் 3-ல இருந்து டெலிவரி பைக் ரிங் ரோடு, ஹைவே பக்கம் போகக்கூடாதுன்னு போக்குவரத்துத் துறை சொல்லிடுச்சு. உயிர் போகாம இருக்க அது தேவைதான், நான் குறை சொல்லல. ஆனா உள்தெருவிலயே ஓடணும்னா கட்டட வேலை நடக்கிற இடத்து ஆணி, கம்பித்துண்டு எல்லாம் இவங்களுக்குத்தான். 2018 நவம்பர் மழையில ரோட்டுத் தார் பெயர்ந்து ஜல்லி பறந்து பொதுப்பணித் துறை அமைச்சரே ராஜினாமா பண்ணினார். கார்க்காரனுக்குக் கண்ணாடி விரிசல், பைக்காரனுக்கு நேரா முகம்.

அப்புறம் வெயில். குவைத்ல மித்ரிபாங்கிற இடத்துல 2016 ஜூலை 21 அன்னைக்கு 53.9 டிகிரி பதிவாச்சு. உலக வானிலை அமைப்பு ஆசியாவுக்கே அதிகம்னு ஒத்துக்கிட்ட அளவு. ஒரு சின்னக் கணக்கு: ஏசி ஓடுற பார்க்கிங்ல 25 டிகிரியில 33 பி.எஸ்.ஐ. காத்து அடிச்சா, ரோட்டுல டயர் 65 டிகிரி ஆகும்போது உள்ளே 39-க்கு மேல இருக்கும். பயந்து காத்தைக் குறைச்சு வச்சாலும் ஆபத்துதான். குறைஞ்ச காத்துல டயர் அதிகமா நெளியும், நெளிஞ்சா இன்னும் சூடாகும், பழைய ஒட்டு விட்டுக்கொடுக்கும். கூட, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை காலை 11-ல இருந்து மாலை 4 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கு. பஞ்சரான பைக்கைத் தள்ளிக்கிட்டு நடக்கிறது வேலையா இல்லையான்னு எந்தச் சட்டத்துல தேடுறது?

கடையில ஒரு அண்ணனைப் பார்த்தேன். குமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு. பைக்கை உள்தெரு வழியாவே முக்கால் மணி நேரம் தள்ளிக்கிட்டு வந்திருந்தார். பெட்டியோட அந்த பைக் 150 கிலோவுக்குக் குறையாது. அவருக்கு ஆர்டர் கணக்குலதான் காசு. சக்கரம் நின்னா வருமானம் நின்னுடும். பஞ்சர் காசும் அவரோடதுதான், கம்பெனி தராது. "அப்பன் மரத்துல ஓட்டை போட்டு சம்பாதிச்சாரு, எனக்கு டயர்ல ஓட்டை விழுந்து போகுது மக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் சிரிக்கல. மிஷெலின் காலத்துல பஞ்சரை ஒரு கம்பெனி தன் பிரச்சனையா எடுத்துக்கிட்டுது, ஏன்னா அதைத் தீர்த்தா டயர் விக்கும். இப்போ ஆப்ல பார்த்தா வாடிக்கையாளருக்கு 'தாமதம்'னு ஒரு வரி, அவ்வளவுதான். ஆணி யார் டயர்ல குத்துச்சுன்னு அங்கே ஒரு கட்டமே கிடையாது.

டியூப் டயர் பைக்தான் அது. பின்சக்கரம் கழட்டி மாட்ட அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. டியூபில ஏற்கெனவே நாலு ஒட்டு. சேட்டன் அஞ்சாவது ஒட்டு போட்டு, டியூப் மடங்காம இருக்க லேசாக் காத்து வச்சு உள்ளே தள்ளி, லிவர் கடிக்காம ஓரத்தை ஏத்தினார். "அடுத்த தடவை டியூப் மாத்தணும், இனி இடமில்லா." காசு எவ்வளவுன்னு இவர் கேட்டதுக்கு, "மாசக் கடைசியில தா"ன்னுட்டார். சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல அந்தத் தேதிக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கோடு போட்டார். அந்தக் காலண்டர்ல அப்படிக் கோடு நிறைய இருந்துச்சு.

கழட்டிப் போடுற டயரெல்லாம் எங்கே போகுதுன்னு கேட்டேன், மேற்கே கையைக் காட்டினார். குவைத்ல அர்ஹியாங்கிற இடத்துல வருஷக்கணக்காக் குவிஞ்சு கிடந்த பழைய டயர் நாலு கோடியே இருபது லட்சத்துக்கு மேல. 2021-ல அதையெல்லாம் சவூதி எல்லைப் பக்கம் சால்மிக்கு மாத்தினாங்க, அர்ஹியாவுல வீடு கட்டுறதுக்காக. விண்வெளியில இருந்து எடுத்த படத்துலயே கறுப்புக் கறுப்பாத் தெரிஞ்ச குவியல் அது.

டிஸ்கி: டியூப்லெஸ் வந்தப்புறமும் அந்தத் தண்ணித் தொட்டியை ஏன் வச்சிருக்கீங்கன்னு சேட்டன்கிட்ட கேட்டதுக்கு, "சக்கரம் கொள்ளலேன்னா கை கழுவலாம் அல்லே"ன்னார். தொட்டியா அது? பாதியா வெட்டின லாரி டயர்.